தேருக்கும் ஒரு நிலை உண்டு

மும்பையின் குர்லா கிழக்கில், நேரு நகரின் பழைய அடுக்குக் கட்டடங்களுக்கு நடுவே, இரவு பதினொரு மணிக்கு மேல் நடந்து செல்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். தெருவின் இரு மருங்கிலும் மோட்டார் வண்டிகள் ஒன்றையொன்று முட்டுமளவுக்கு நெருங்கி நிற்கும். நடுவில் ஓர் ஆட்டோ மட்டும் நுழைந்து செல்லக்கூடிய இடுக்கு எஞ்சியிருக்கும். இன்னும் வீடு திரும்பாத வண்டிகளின் இடங்களில் சிமெண்ட் ஊற்றி நட்ட பழைய டயரோ, கால் உடைந்த நாற்காலியோ, செடி வாடிப்போன தொட்டியோ காவல் இருக்கும். இவற்றை வைத்தவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள். தண்ணீர் வராத நாளில் குடம் கொடுத்து உதவுகிறவர்கள். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி நதி குர்லாவுக்குள் புகுந்தபோது, முன்பின் அறியாதவரைத் தம் வீட்டு மாடியில் ஏற்றிக்கொண்ட ஜனங்களைச் சேர்ந்தவர்கள். அத்தகையவர்கள் ஒரு வண்டி அகலத்துக்காக அண்ணன் தம்பிபோல் பழகியவரிடம் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமலிருப்பதை நான் கண்டிருக்கிறேன். இதைப் போக்குவரத்துச் சங்கடம் என்று சொல்லி நகரசபையிடம் ஒப்படைத்துவிடலாம். ஆனால் இது அதற்கும் முந்தியதோர் ஆத்மிக விசாரம் என்பதே என் அபிப்பிராயம். எல்லோருக்கும் உரிய ஒன்றின்மேல் ‘எனது’ என்னும் எண்ணம் எப்படி முளைக்கிறது? அது முளைத்தபின் மனிதன் என்ன ஆகிறான்?

இந்தக் கேள்வியைக் குர்லாவில் இருந்துகொண்டு கேட்பதில் ஒரு விசேஷப் பொருத்தம் உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை இந்தக் குர்லாவில்தான் இருந்தது. 1947-இல் முதல் வண்டி வெளிவந்தது. பிறகு பியட் வண்டிகள். 1974 முதல் சித்தூர் ராணியின் பெயர் தாங்கிய பத்மினி. பம்பாயின் கறுப்பும் மஞ்சளுமான டாக்சிகளாகி, 2023 அக்டோபர் இறுதியில் விடைபெறும்வரை இந்நகரத்தைச் சுமந்து திரிந்தவை இவ்வூரில் பிறந்த வண்டிகளே. அக்காலத்தில் கார் வாங்க விரும்பியவர் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தொழிலாளருக்கும் குமாஸ்தாக்களுக்கும் நேரு நகரில் வீடு கட்டித்தந்த வீட்டு வசதி வாரியம், அங்கே குடியேறுகிறவர் கார் வைத்திருப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. கார் கொட்டகை கட்டவும் இல்லை. காரைச் செய்த கைகள் வாழ்ந்த தெருவில் காருக்கு ஸ்தானம் வகுக்கப்படவில்லை. இதில் தனி மனிதர் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் காத்திருப்பு ஒழிந்து, கடனுக்கு வண்டி எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்திலும் தெரு அந்தப் பழைய தெருவாகவே இருந்தது.

முதல் நாள் வண்டியை வாசலில் நிறுத்துகிறவர் கூச்சத்தோடுதான் நிறுத்துகிறார். யாரேனும் ஆக்ஷேபிப்பார்களோ என்று மாடியிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்க்கிறார். ஒரு மாதத்தில் அது வழக்கமாகிறது. ஒரு வருஷத்தில் அனுபவ பாத்தியதை ஆகிறது. அந்த இடத்தில் வேறொரு வண்டி நிற்கக் கண்டால் தம் வீட்டுக்குள் அந்நியன் நுழைந்ததுபோல் அவருக்கு ரத்தம் கொதிக்கிறது. நம் பெரியோர் மமகாரம் என்று பெயரிட்டதன் பிறப்பை இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டும் உதாரணம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், சாலை வரி கட்டியிருக்கிறேன் என்கிறார். ஓடுவதற்குக் கட்டிய வரி நிற்பதற்குப் பட்டா ஆகாது. நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுத்துக்கொள்வான் என்கிறார். இது உண்மைதான், ஆனால் உலகத்தில் நடந்த ஒவ்வோர் அபகரிப்புக்கும் இதே உண்மைதான் சமாதானமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. யோக சூத்திரம் ஐந்து யமங்களில் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைக்கிறது. சமணர்க்கும் அது மகாவிரதம். பரிக்கிரகம் என்னும் சொல்லுக்குச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளுதல் என்பது பொருள். தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதை மட்டும் அது குறிப்பதாக நாம் எண்ணிவிட்டோம். நம் பொருள் தன்னைச் சுற்றி எவ்வளவு இடத்தை வளைத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில் எங்கள் சந்தில் மூதாட்டி ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஆம்புலன்ஸ் முக்கில் வந்து நின்றுவிட்டது; அதற்குமேல் அதனால் வர இயலவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவந்த இருவர், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒருக்களித்தும், ஓரிடத்தில் காரின் முன்மூடிக்கு மேலாக அம்மையாரைத் தலைக்குயரத் தூக்கியும், அந்த நூறடியைக் கடந்தார்கள். குடை பிடிக்க இடமில்லாமல் அவர் முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் பிழைத்துவிட்டார், எனினும் அந்தக் காட்சி என்னை விட்டு நீங்கவில்லை. அன்று வழியை அடைத்திருந்த வண்டிகளுள் ஒன்று அந்த அம்மையாரின் மகனுடையது.

நம் ஊர்க் கோயில்களை நினைத்துக்கொள்கிறேன். தேர் செய்த நம் முன்னோர் தேரோடும் வீதியை அகலமாக வகுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தேருக்கு நிலை ஒன்றையும் அவர்கள் வகுத்தார்கள் என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஆண்டில் ஒருநாள் ஊர் முழுவதும் வடம் பிடித்து இழுக்கத் தேர் புறப்படுகிறது. அது ஓடும்வரை வீதி அதனுடையது. எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஆனால் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் திருவிழா நிறைவுற்றதாக ஊர் மூச்சுவிடுகிறது. நடுவீதியில் தேர் நின்றுவிட்டால் அதை அமங்கலமென்று கருதி மனம் கலங்குகிறது. ரிஷபமும் கருடனும் மயிலும் யானையும் உலா முடிந்ததும் வாகன மண்டபத்துக்குத் திரும்பிவிடுகின்றன. உலகனைத்துக்கும் உடையவன் என்று நாம் போற்றுகிறவன்கூடத் தன் வாகனத்தை வீதியில் விட்டுவைப்பதில்லை. அவன் ஆடும் இடத்துக்குத் தமிழில் மன்று என்றும் அம்பலம் என்றும் பெயர். பொது என்றே பெயர் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாதது என்பதல்ல அச்சொல்லின் பொருள். எல்லோரும் கூடுவதற்கு உரியது என்பதே பொருள். எவனுமே கேளாத இடம், எல்லோரும் கேட்கத்தக்க இடம் என்னும் இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை நாம் மறந்துவிட்டோம். மேய்ச்சலுக்கும் களத்துக்கும் வழிநடைக்கும் ஊர் ஒதுக்கிவைத்த நிலத்துக்குரிய புறம்போக்கு என்னும் சொல் இன்று வசைமொழியாகிவிட்டதே அந்த மறதியின் அடையாளம்.

இடம் என்பது இந்நகரத்தில் எவ்வளவு அருமையான பொருள் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். ஏறத்தாழ 135 சதுர அடி. வொர்லியிலும் நாய்காவிலும் பி.டி.டி. சால்கள் என்னும் பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் மூன்று தலைமுறைகள் குடும்பம் நடத்திய ஓர் அறையின் அளவு 160 சதுர அடி. நாளில் இரண்டு மணி நேரம் ஓடும் வண்டி, மிச்சமுள்ள 22 மணி நேரமும் ஓர் அறைக்குச் சமமான பொது நிலத்தில் வாடகையின்றிக் குடியிருக்கிறது. இதே நகரத்தில் நடைபாதையில் குடிசை போட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1981-இல் அரசு அவர்களை அப்புறப்படுத்தி ஊருக்குத் திருப்பியனுப்ப முற்பட்டபோது, உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள், 1961-இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற தமிழர் ஒருவரும் இருந்தார். அவர் அந்த ஜூலை மாதத்தில் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்டவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என வழங்கும் அவ்வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், ஜீவனோபாயம் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று பெருமனத்தோடு ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் நடைபாதை நடப்பதற்கே உரியது, அதைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்றும் தீர்மானித்தார்கள். அந்த நியாயம் சரியானதே என்று வைத்துக்கொண்டால், தலைசாய்க்க இடமில்லாதவன் வைத்த குடிசை ஆக்கிரமிப்பாகவும், வீடுள்ளவன் வைத்த வண்டி வழக்கமாகவும் கருதப்படுவது எந்தத் தருமத்தில் சேரும்? டாக்சியும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டியே வயிறு. அவரை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறை நீக்கப்படும் வண்டிகளையே சொல்கிறேன்.

சட்டம் தன்னாலானதைச் செய்து பார்த்தது. தஹிசரில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின்மேல் கட்டடம் கட்டிய நிறுவனம் தொடுத்த வழக்கில், கட்டடத்தின் கீழுள்ள தூண்தள இடத்தையும் திறந்த இடத்தையும் கட்டியவர் தனியே விற்கலாகாது, அவை குடியிருப்போர் அனைவருக்கும் பொது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2019 ஜூலையில் நகரசபை, பொது நிறுத்துமிடங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் விதிமீறி நிறுத்தினால் ஐயாயிரம் ரூபாயிலிருந்து அபராதம் விதிக்கத் தொடங்கியது. ஜப்பானில் 1962 முதல், வண்டி நிறுத்த இடமுண்டு என்று நிரூபித்த பிறகே கார் வைத்துக்கொள்ள முடியும். அதையொத்த விதியை மும்பைக்கும் கொண்டுவருவதாக 2025 மே மாதத்தில் மகாராஷ்டிரப் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக் அறிவித்தார். அவ்விதி வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு எங்கள் சந்தில் அதிகாரி எவரும் நிற்பதில்லை. அங்கே மனிதனும் அவன் மனச்சாட்சியுமே இருக்கிறார்கள்.

வழியைப் பற்றிச் சமயங்கள் பேசாமலில்லை. மனு ஸ்மிருதியில் நமக்கு ஒவ்வாதன பல உண்டு. எனினும் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று அது இரண்டாம் அத்தியாயத்தில் அடுக்கும்போது, வண்டியில் வருபவனையும், தொண்ணூறு கடந்த முதியவனையும், நோயாளியையும், சுமை தூக்கி வருபவனையும், பெண்ணையும் சொல்லிய பிறகே அரசனைச் சொல்கிறது. வண்டிக்கு அங்கே கிடைத்த மரியாதை அது செல்வதற்காகக் கிடைத்த மரியாதை. வழியில் கிடந்து துன்பம் தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் போதித்ததாக, குர்லாவின் மசூதிகளில் தொழும் என் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முள்ளையும் கல்லையும் அகற்றுவது நம்பிக்கையின் பகுதியானால், நாமே கொண்டுவந்து வைக்கும் தடையை என்னவென்று சொல்வது?

எனக்கு இவ்விஷயத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கற்பித்தது திருக்கோவலூர் வரலாறு. இருட்டும் மழையுமான ஓர் இரவில் ஒரு சிறிய இடைகழியில் பொய்கையாழ்வார் வந்து படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டியபோது, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பேயாழ்வார் வந்தபோது மூவரும் நின்றார்கள். முதலில் வந்தவர் தம் முன்னுரிமையைப் பேசவில்லை. ஒவ்வொருவர் வரவுக்கும் உள்ளே இருந்தவர் தம்மைச் சுருக்கிக்கொண்டார். அப்படிச் சுருங்கி நின்ற இடத்தில்தான் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை அவர்கள் உணர்ந்தார்கள். விளக்கேற்றிப் பார்க்க, அது திருமால். மூவர் உட்காரும் பெஞ்சியில் நான்காமவருக்கு ‘தோடா சர்க்கோ’, கொஞ்சம் நகருங்கள், என்ற ஒரு சொல்லுக்கே இடம்விடும் வழக்கத்தை, குர்லா ஸ்டேஷனில் இரண்டாம் வகுப்பு ஏறும் எவரும் அறிவர். அந்த ஜனங்களே வீட்டு வாசலுக்கு வந்ததும் நகர மறுக்கிறார்கள். வண்டிக்கு எழுந்து நின்று இடம்விடத் தெரியாது. அது எப்போதும் படுத்தே கிடக்கும். அதன் சார்பில் அதற்குடையவர்தாம் எழுந்து நிற்க வேண்டும்.

வாசலில் வண்டி வைத்திருக்கும் அன்பர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு அதை நிறுத்திவிட்டுப் பூட்டிய பிறகு உடனே மாடியேறிவிடாதீர்கள். முக்குவரை நடந்து சென்று திரும்பி வாருங்கள். இரண்டு பேர் ஒரு நோயாளியைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் குடை பிடித்தபடி, அந்த வழியே வர முடியுமா என்று பாருங்கள். முடியாதானால், சாவி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.