வாத்துக்கு பிரெட் போட்டா புண்ணியமா? – ஓர் அமாவாசைக் கேள்வி

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன வாரம் குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வெளிநாட்டுல இருக்கேன். அமாவாசைக்குக் காக்காவுக்கு சோறு வைக்க வழியில்ல. பார்க்ல வாத்துக்கு பிரெட் போட்டா அதே புண்ணியம் உண்டா?" நாலஞ்சு பேர் உடனே "கண்டிப்பா உண்டு" என்று கையெடுத்துக் கும்பிடுற படம் போட்டுட்டாங்க. நான் எதுவும் போடல. ஏன்னா இதே வேலையை நானே ஒரு வருஷத்துக்கு மேல பண்ணியிருக்கேன்.

லண்டனுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் அப்பா தவறிட்டார். காரியம் முடிஞ்சு திரும்பி வந்தா, இங்க நான் இருக்கிறது நாலாவது மாடி, ஜன்னல் பாதிதான் திறக்கும். எங்க இலை போட, எங்க காக்காவைக் கூப்பிட? அதனால அமாவாசையை ஒட்டி வர்ற சனிக்கிழமை (திதி தப்புதுன்னு பெரியவங்க கோவிச்சுக்காதீங்க, லீவு அன்னிக்குத்தான்) ஹைகேட் முருகனைப் பாத்துட்டு, அங்கிருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற வாட்டர்லோ பார்க்குக்குப் போவேன். அங்க குளம் உண்டு. ஒரு முழு பிரெட் பாக்கெட்டை வாத்துகளுக்குப் பிச்சுப் போட்டு முடிச்சாத்தான் மனசு அடங்கும்.

பச்சைத் தலை வாத்து முதல்ல ஓடி வரும். பின்னாடியே நாமக்கோழி. நெத்தியில வெள்ளையா ஒரு பட்டை இருக்கிறதால அந்தப் பேர். நம்ம ஊர் ஏரிகள்லயும் இதே பறவை உண்டு. எனக்கு அதைப் பாத்தா விபூதி பூசின மாதிரியே தெரியும், அதுக்குன்னு தனியா ரெண்டு துண்டு போடுவேன்.

ஒருநாள் ஒரு வயசான அம்மா பக்கத்துல வந்து, பிரெட் போடாதப்பா, அதுங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம். "இது எங்க அப்பாவுக்காகப் போடுறது"ன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. கோட்டுப் பையில இருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து, பனி விட்ட பச்சைப் பட்டாணி ஒரு பிடி என் கையில கொட்டிட்டுப் போய்ட்டாங்க.

வீட்டுக்கு வந்து அவங்களைத் தப்புன்னு நிரூபிக்கணும்னே தேட ஆரம்பிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன்.

காட்டு வாத்து நாள் முழுக்கத் தலையைத் தண்ணிக்குள்ள விட்டுத் தேடுறது என்ன தெரியுமா? பாசி, நீர்ச்செடி, விதை, நத்தை, புழு, பூச்சி. குஞ்சு வளரணும்னா அந்தப் பூச்சியில இருக்கிற புரதம் கட்டாயம் வேணும். நம்ம பிரெட்ல இருக்கிறது பெரும்பாலும் மாவும் உப்பும். வயிறு நிரம்பிடும், பசி போயிடும், அப்புறம் அது தேடிப் போகாது. பூஞ்சை பிடிச்ச பிரெட்டா இருந்தா நுரையீரல்லயே பூஞ்சை நோய் வரலாம். "பழசாயிடுச்சு, வாத்துக்குப் போட்டுடலாம்"னு நினைக்கிறோமே, அதுதான் ரொம்ப மோசம்.

சாப்பிடாம மிஞ்சினது அடியில ஊறும். அதை அழிக்கிற பாக்டீரியா தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும். பாசி மண்டும். வெயில் காலத்துல காத்து இல்லாத அந்தச் சேத்துல பொட்டுலிசம்னு ஒரு நஞ்சு உருவாகலாம். அது ஏறின பறவைக்குக் கழுத்து நிக்காது, தலை தண்ணிக்குள்ள தொங்கி மூழ்கியே செத்துப்போகும். கரையில கிடக்கிற துண்டுக்கு எலி வரும். எல்லாப் பறவையும் ஒரே மூலையில நெருங்கி நிக்கிறதால எச்சமும் நோயும் அங்கயே சேரும். 2021-லிருந்து பறவைக் காய்ச்சல் வந்து பிரிட்டன்ல காட்டுப்பறவைகள் கொத்துக் கொத்தா செத்த பிறகு இது சின்ன விஷயம் இல்ல.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸ்அப்ல இதைப் பத்தி ஓவரா பயமுறுத்துற ஃபார்வர்டும் சுத்துது. பிரெட் தின்னா இறக்கை வெளிப்பக்கமா முறுக்கிக்கிட்டுப் பறக்கவே முடியாமப் போகும்னு ஒரு படம் வரும். அப்படி ஒரு குறைபாடு நிஜமாவே இருக்கு. ஆனா பிரெட்தான் காரணம்னு ஆதாரம் இல்லன்னு, அரச குடும்பம் சார்பா அப்போ அன்னங்களைக் கவனிச்ச பேராசிரியர் கிறிஸ்டோபர் பெரின்ஸ் 2018-ல சொன்னார். மக்கள் பயந்துபோய்த் திடீர்னு நிறுத்தினதுல அன்னங்கள் பட்டினி கிடக்குதுன்னும் அப்போ பேச்சு வந்துச்சு. ஆக, நல்ல பிரெட்ல ரெண்டு துண்டு விஷம் இல்ல. நான் போட்டது ரெண்டு துண்டா? முழுப் பாக்கெட். எனக்கு முன்னாடி வந்தவரும் பின்னாடி வந்தவரும் அதேதான்.

சரி, இதுல முருகன் எங்க வந்தார்னு கேப்பீங்க. அவர் பிறந்த இடத்தையே யோசிச்சுப் பாருங்க. சரவணம்னா நாணல். சரவணப் பொய்கைன்னா நாணல் சூழ்ந்த குளம். வாத்தும் நாமக்கோழியும் கூடு கட்டுறது அந்த மாதிரி இடத்துலதான். நாம "சரவணபவ"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒரு குளத்தோட பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுறோம். அங்க தாமரையில கிடந்த ஆறு குழந்தைக்கும் கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்தாங்க. பச்சைக் குழந்தைக்கு என்ன வேணுமோ அது.

ஔவைப் பாட்டி கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். மரத்து மேல மாடு மேய்க்கிற பையனா உக்காந்திருந்த நம்ம ஐயன், பழத்தை உலுக்கிப் போடுறதுக்கு முன்னாடி என்ன பண்ணார்? எந்தப் பழம் வேணும்னு கேட்டார். அந்தக் கேள்வியில பாட்டியோட கர்வம் போன கதையைத்தான் நாம சொல்லிட்டே இருக்கோம். எனக்கு இப்போ வேற ஒண்ணு கண்ணுல படுது. ஞானபண்டிதனே கேட்டுட்டுத்தான் கொடுக்கிறார். கிளையன்ட் கிட்ட கேக்காமலே ராத்திரி பகலா ஒரு ஃபீச்சரைக் கட்டி, டெமோ அன்னிக்கு அவர் முகத்தைப் பாத்தவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

அந்தப் பட்டாணிக் கவரைப் பாத்துட்டு உக்காந்திருந்த ராத்திரி எனக்கு வாத்து ஞாபகம் வரல, அல்வா ஞாபகம்தான் வந்துச்சு. அப்பாவுக்குச் சர்க்கரை. நான் லீவுல போறப்பல்லாம் திருநெல்வேலியில இறங்கினதும் அரைக் கிலோ சூடா வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அம்மா முறைப்பாங்க. அப்பா, "புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், விடுட்டி"ன்னு விரல்ல ஒட்டினதையும் விடாம சாப்பிடுவார். அதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் வாங்கினேன். அவர் உடம்புக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டேனா? அவர் போனது அல்வாவாலன்னு சொல்லல, அது வேற நோய். ஆனா பாக்கெட்டைப் பிரிச்சு வாத்துக்குப் போட்டப்போ எனக்கு வந்த நிம்மதி அதே நிம்மதிதான். அது எனக்கு நல்லாவே தெரியும்.

அதனால தம்பி, வாத்துக்கு ஏதாவது போட்டே ஆகணும்னா பனி விட்ட பட்டாணி, சோளம், வேக வைக்காத ஓட்ஸ், பொடியா நறுக்கின லெட்யூஸ். ஒரு பிடி போதும். அது தின்னு முடிச்சா நிறுத்திடு. போடாதேன்னு போர்டு இருந்தா போடாதே. அப்பா பேர்ல சோறு போடணும்னு இருந்தா கோயில் அன்னதானத்துல சேந்துக்கோ, அங்க பாத்திரம் கழுவ எப்பவும் ஆள் பத்தல.

ஊர்ல இருக்கிறவங்க "நமக்கென்ன, நாம பிரெட் போடல"ன்னு தப்பிக்க வேண்டாம். தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போடுறோமே, கணக்கு அங்கயும் இதேதான். இன்னும் மோசம். நம்ம வெயில்ல சூடான தண்ணியில ஆக்சிஜன் தங்குறதே கம்மி. பாசி மண்டின குளத்துல ராத்திரி பூரா பாசியும் சேந்து ஆக்சிஜனைக் குடிக்கும், விடியற நேரம்தான் ரொம்பக் கம்மியா இருக்கும். அப்போ மீன் மேல வந்து வாயை வாயைத் திறக்கும். மூச்சுக்குத் தவிக்குது. நாம என்ன நினைக்கிறோம்? பாவம் பசிக்குதுன்னு இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்கிறோம். கவரையும் படியிலயே விட்டுட்டு வர்றோம்.

இதை அம்மாகிட்ட போன்ல சொன்னேன். அவங்க வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பொரி போடுற ஆள்.

"இத்தனை வருஷமா போடுதேன், இப்ப வந்து சொல்லுத. அந்தப் பொரி விக்கிற அக்கா நம்மளை நம்பித்தான உக்காந்திருக்கு, அவளுக்கு என்னப்பா பதில் சொல்ல?"

எனக்குப் பதில் தெரியல. யோசிச்சுச் சொல்றேம்மான்னு வச்சுட்டேன். அடுத்த செவ்வாய் அவங்களே கூப்பிட்டாங்க. "பொரி வாங்கிட்டேன்பா. படிக்கட்டுல உக்காந்து நானும், அங்க விளையாடிட்டு இருந்த பிள்ளைகளும் தின்னுட்டோம். அந்த அக்காவும் ஒரு கை அள்ளிக்கிட்டா. மீன் கொஞ்ச நேரம் பாத்துச்சு, அப்புறம் அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு."

வேலும் மயிலும் துணை!