குடுவைத் தண்ணீர்

நிகழ்த்துகலையில் பார்வையாளரும் பங்கேற்கத் தொடங்கியதும், கலைஞரின் உடல் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த உடலைக் காக்கும் கடமை யாருடையது என்பதில்தான் சிக்கல்.

1974-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், ஸ்டுடியோ மொர்ரா காட்சிக்கூடத்தில் மரீனா அப்ராமோவிச் ‘ரிதம் 0’ என்ற நிகழ்வை நடத்தினார். மேசையில் 72 பொருள்கள் இருந்தன. ரோஜா, தேன், இறகு ஆகியவற்றோடு கத்தரிக்கோல், துப்பாக்கி, ஒரு தோட்டா. எதை வேண்டுமானாலும் தன்மீது பயன்படுத்தலாம், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதிவைத்துவிட்டு, ஆறு மணி நேரம் எதிர்ப்பே காட்டாமல் நின்றார். தொடக்கத்தில் கூட்டம் மென்மையாகவே நடந்துகொண்டது. நேரம் போகப்போக உடைகள் கிழிந்தன, கழுத்தில் கீறல் விழுந்தது. கடைசியில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை ஒருவர் அவர்மேல் வைத்தார். மற்றவர்கள் தடுத்தார்கள்.

மனிதனுக்குள் இருக்கும் விலங்குக்குச் சான்றாகவே இந்நிகழ்வு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தடுத்தவர்களும் அதே கூட்டத்தில் இருந்தவர்கள்தான் என்பது அந்தப் பேச்சில் மறைந்துபோகிறது. தன் உடலுக்கு நேர்வதை ஏற்க அப்ராமோவிச்சுக்கு உரிமை உண்டு. கீறியவரின் செயலுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க அவரால் முடியாது. அனுமதி இருந்தது என்பதால் கீறல் நியாயமாகிவிடாது. கலைஞர்மீதும் குறை உண்டு. தோட்டா குறி தவறினால் பக்கத்தில் நிற்பவர்மேல் பாயும். அந்த ஆபத்துக்கு அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை.

பத்தாண்டு முன்னதாக, 1964-இல் கியோட்டோவில் யோகோ ஓனோ ‘கட் பீஸ்’ நிகழ்வை நடத்தினார். மேடையில் அமர்ந்திருந்த அவருடைய உடையிலிருந்து பார்வையாளர் ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப்போகலாம். அங்கேயும் அசையாத உடல்தான், கூரிய கருவிதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வரலாம். எப்போது முடிப்பது என்பது கலைஞரின் விருப்பம். அச்சம் இருந்தது, வெளியேற வழியும் இருந்தது. இந்த ஏற்பாட்டால் கலையின் கூர்மை மழுங்கிவிடவில்லை.

பார்வையாளரே பலியாவதும் உண்டு. பெல்ஜிய நாடகக் குழு ஒன்று 2011-இல் நடத்திய ‘ஆடியன்ஸ்’ நாடகத்தில், இருக்கையிலிருந்த பெண்ணின் பக்கம் கேமராவைத் திருப்பி ஒரு நடிகர் அவமதித்தார். கூட்டம் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்று பார்ப்பது நோக்கமாக இருக்கலாம். சீட்டு வாங்கியவர் சோதனைக்குச் சம்மதித்தவர் அல்லர். அந்த நோக்கம் அவமதிப்பை நியாயப்படுத்தாது.

1975 ஏப்ரலில் சிகாகோ தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் கிறிஸ் பர்டன் ‘டூம்ட்’ நிகழ்வைத் தொடங்கினார். சுவரில் சாய்த்த கண்ணாடிப் பலகையின் கீழே படுத்துக்கொண்டார். சுவரில் ஒரு கடிகாரம் ஓடியது. ஊழியர்கள் யாராவது தலையிட்டால் நிகழ்வு முடியும் என்பதே விதி. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விதியை மறைத்தது கலைஞரின் தவறுதான். ஆனால் உணவும் நீரும் இல்லாமல் ஒருவர் கிடப்பதைக் கண்டும், கலையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று எல்லோரும் விலகி நின்றார்கள். கலைமீது வைத்த மரியாதை மனிதரைவிடப் பெரிதாகிவிட்டது. 45 மணி 10 நிமிடம் கழித்து ஓர் ஊழியர் அவர் அருகில் ஒரு குடுவைத் தண்ணீர் வைத்தார். பர்டன் எழுந்து கடிகாரத்தை உடைத்து நிகழ்வை முடித்தார்.

அந்தக் குடுவையை முதல் நாள் இரவே வைத்திருக்கலாம்.