சுவரில் வைத்த தழை

அட்டுவம்பட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்சுவர் என் இடுப்பு உயரம். அதைத் தாண்டினால் ஒரு புல் சரிவு, அது முடியும் இடத்தில் வாட்டில் மரங்கள். போன அக்டோபரில், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்ற தைரியத்தில் லேப்டாப்போடு வந்து இறங்கிய மூன்றாம் நாள் மாலை, சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. கொம்புகளுக்கு நடுவே சாம்பல் நிற மேடு. பின்னால் பாறை மாதிரி முதுகு. வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை வரும் என்று பிறகு படித்தேன். அன்று மனதில் ஓடியது ஒன்றுதான்: இது என்னைப் பார்த்துவிட்டது.

ஊர்க்காரர்கள் காட்டுமாடு என்கிறார்கள். செய்தித்தாளுக்குக் காட்டெருமை, சுற்றுலா வருகிறவர்களுக்கு பைசன். உண்மையில் அது எருமை வகையே இல்லை, நம் வீட்டு மாட்டின் பேரினம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் சரி.

மறுநாள் கேரட் தழையைச் சுவர் மேல் வைத்தேன். ஏன் என்று கேட்டால், இன்னொரு முறை பார்க்க ஆசை, அவ்வளவுதான். அது வந்தது. அடுத்த வாரம் முட்டைக்கோஸின் வெளி இலைகள். பதினைந்து நாளில் நேரம் பழகிவிட்டது. மாலை ஐந்தரைக்கு நான் காபியோடு நிற்பேன், அது தின்னும். அலுவலக மீட்டிங்கில் கேமராவைத் திருப்பிக் காட்டியிருக்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் கூவினார்கள். எனக்கும் அந்த மிருகத்துக்கும் நடுவில் ஏதோ உறவு இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு விடுதியில் சமையலறை வேலை பார்க்கிறார். காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். டிசம்பரில் ஒரு நாள், மூடுபனியில், என் பின்சுவரை ஒட்டிப் போகும் பாதையில் அது நின்றிருக்கிறது. முட்டவில்லை. தலையைத் திருப்பி ஒரு எட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் பின்வாங்கிச் சாக்கடையில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, ஆறு வாரம் சம்பளம் இல்லை.

மென்பொருள் வேலையில் ஏதாவது உடைந்தால் நாங்கள் 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். அதில் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது விதி. ஆளைக் குற்றம் சொன்னால் அடுத்த முறை எல்லோரும் மறைப்பார்கள், அதனால் அமைப்பில் எங்கே ஓட்டை என்று மட்டும் தேடு. நல்ல விதி, பல இரவுகளில் என்னையே காப்பாற்றியிருக்கிறது. அன்றிரவும் மனதுக்குள் ஒன்று எழுதிப் பார்த்தேன்.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காட்டுமாட்டுக்குப் புல் வேண்டும். பழனி மலையின் மேல்தளம் ஒரு காலத்தில் புல்வெளியும் மடிப்புகளில் சோலைக்காடுமாக இருந்தது. புல்வெளியை வெற்று நிலம் என்று கணக்கெழுதியவர்கள் அதில் தோல் பதனிட வாட்டிலும், தைல மரமும், பைனும் நட்டார்கள். நட்டதோடு நில்லாமல் வாட்டில் தானாகவும் பரவியது. நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. மரத்தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டவை. 2013-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது காக்க வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே மரமாகி நின்றது. மீதியைத் தேடி அது ஊருக்குள் வருகிறது. விடுதிகளின் எச்சில் இலை, குப்பைத்தொட்டி, புல்தரை. இத்தனைக்கும் நடுவில் என் கேரட் தழை எத்தனை சதவீதம்?

ஒவ்வொரு வரியும் உண்மை. எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் உறுத்தியது.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'தார்மீக அதிர்ஷ்டம்' என்பதைப் பற்றி எழுதினார்கள். நேகல் சொல்லும் லாரி ஓட்டுநர் பிரேக்கைச் சரிபார்க்காமல் ஓட்டுகிறார். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் கொலைப்பழி, வராவிட்டால் சின்ன அலட்சியம். தவறு ஒன்றே, தீர்ப்பை முடிவு செய்வது குழந்தை. இதைப் படித்தபோது, நானும் துரதிர்ஷ்டசாலி ஓட்டுநர்தான் போல என்று தோன்றியது. இந்தச் சரிவில் வாடகைக்கு இருக்கும் பாதிப் பேர் ஏதாவது வைக்கிறார்கள், என் பாதையில் மட்டும் ஆள் விழுந்துவிட்டார்.

ஆனால் நான் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். பனியில் அந்தப் பாதையில் நடக்கும் வேலை எனக்குக் கிடையாது. காட்டுமாட்டின் கூச்சத்தைக் கழற்றியது நான், கழன்ற பிறகு இருட்டில் எதிரே நிற்க வேண்டியவர் யார் என்பதை அவருடைய வேலை நேரம் எப்போதோ எழுதிவிட்டது. அந்தக் குழந்தை சாலையில் எங்கிருந்தோ வந்தது. அக்கா தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா என்றும் யோசித்தேன். மலையேற்றக் குழுவோடு ஒரு நாள் சோலைக்குள் போயிருந்தேன். பழனிச் சிரிப்பான் என்ற பறவை இந்த மலையிலும் ஆனைமலைப் பக்கமும் உண்டு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இல்லை. தாழ்வான சூட்டைக் கடக்க முடியாமல் மலை உச்சிகளில் சிக்கிப்போன உயிர்களுக்கு இவை கடல் இல்லாத தீவுகள். மூன்று மணி நேரம் நின்றோம். குரல் கேட்டது, பறவை வரவில்லை. திரும்பி வரும்போது யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்கும்தான். அங்கே நான் எதையும் சுவர் மேல் வைத்திருக்கவில்லை.

ஜனவரியில், கட்டுப் பிரித்த அன்று, அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல ஆறு வாரம் ஆனது.

"தெரியும் தம்பி. தினம் சுவத்துல தழை கிடந்துச்சு, கண்ணு இல்லையா எனக்கு?"

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"நாலு வருசமா இந்த வீட்டுக்கு ஆளு மாறி மாறி வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருந்தா எனக்கு வேலைக்குப் போக நேரமாகாது? இந்தக் காப்பித் தம்ளர எடுத்துட்டுப் போங்க, கழுவி வச்சிருக்கேன்."

ஆறு வாரச் சம்பளத்தைக் கொடுக்கப் போனேன். நான்கு வாரத்துக்கு வாங்கிக்கொண்டார். மீதி இரண்டு வாரம் விடுதியில் கொஞ்சம் கொடுத்தார்களாம். வாங்காமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும், கதையில் அப்படித்தானே வரும். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு சாலை முனைவரை அவரோடு போகிறேன். "நீங்க எதுக்குத் தம்பி" என்று முதல் வாரம் சொன்னார், இப்போது கதவுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிடுகிறார். மாலையில் அது இன்னும் வருகிறது. வெற்றுச் சுவரை முகர்ந்துவிட்டு, சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம், நின்று பார்க்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.