தீர்ப்புச் சொல்லத் தடை

சீடன்: ஐயா, நாவலாசிரியர்கள் கதையைத் தொடங்கும் முன்பே வேறு யாரோ சொன்னதை முகப்பில் எடுத்து வைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தன் சொல்லால் நிரப்பப் போகிறவருக்கு இரவல் வாக்கு எதற்கு? படிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசைதானே?

குரு: சிலரிடம் அந்த ஆசை உண்டு. ஆனால் வால்டர் ஸ்காட்டைப் பார். 1816இல் வந்த ‘தி ஆன்டிகுவரி’யில், அத்தியாயத் தலைப்புக்குப் பொருந்தும் வரி கிடைக்காத இடங்களில் தாமே எழுதி, கீழே ‘பழைய நாடகம்’ என்று போட்டார். ஜார்ஜ் எலியட் ‘மிடில்மார்ச்’சின் பல அத்தியாயங்களுக்கு முகப்பு வரிகளைத் தாமே இயற்றிப் பெயரிடாமல் விட்டார். படிப்பைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் இல்லாத நூலை ஏன் உண்டாக்க வேண்டும்?

சீடன்: வேறு என்ன தேவை இருந்தது அவர்களுக்கு?

குரு: கதைக்கு வெளியிலிருந்து ஒரு குரல். அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது வாசகரின் வேலை. ‘அன்னா கரீனினா’ படித்தாயே, அதன் முகப்பு வாசகம் நினைவிருக்கிறதா?

சீடன்: பழிவாங்கும் உரிமை தனக்கே உரியது, பதில் செய்யப்போவதும் தானே என்று கடவுள் அறிவிக்கும் விவிலிய வாக்கு. அதில் புதிர் ஒன்றும் இல்லையே! அன்னா கணவனை விட்டுப் போனாள், ரயிலின் கீழ் விழுந்து மாண்டாள். தண்டனை நிச்சயம் என்று டால்ஸ்டாய் முதலிலேயே எச்சரித்துவிட்டார்.

குரு: அந்த வாக்கை எங்கிருந்து எடுத்தார்?

சீடன்: பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், 12ஆம் அதிகாரம்.

குரு: அதே வசனத்தின் முற்பகுதி என்ன சொல்கிறது?

சீடன்: பழிதீர்க்கும் வேலையைக் கையில் எடுக்க வேண்டாம் என்று சபையாரைத் தடுக்கிறது.

குரு: பவுலும் அதை இரவல்தான் வாங்கினார். உபாகமம் 32ஆம் அதிகாரத்தில், மோசேயின் பாடலில், அது பகைவரை நோக்கிய மிரட்டல். பவுலின் கையில் அதே வாக்கு நம்பியவர்களுக்கு இட்ட தடையாக மாறியது. டால்ஸ்டாய் அந்தத் தடையை வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும், எங்கிருந்து வந்தது என்றுகூடக் குறிக்காமல் வைத்தார்.

சீடன்: தடைதான் அவருக்கு முக்கியமென்றால் அதையே ஏன் வெட்டினார்?

குரு: வைத்திருந்தால் தலையாட்டிவிட்டுக் கடந்திருப்பாய். இல்லாததால்தான் சற்று முன் நீயே அவள் தண்டனையை உறுதிசெய்தாய். நாவலுக்குள் அதே வேலையைச் செய்பவர்கள் யார்?

சீடன்: பீட்டர்ஸ்பர்க் சீமாட்டிகள். அவர்களில் ஒருத்தியான பெட்சிக்கே காதலன் உண்டு. அவள்தான் விவாகரத்து எப்போது என்று கேட்டு, அதுவரை மற்றவர்கள் அன்னாவை ஒதுக்குவார்கள் என்று சொல்லி விலகிக்கொள்கிறாள். ஓபெரா அரங்கில் அடுத்த மாடத்துப் பெண், அவளருகே உட்காருவதே அவமானம் என்கிறாள்.

குரு: அன்னா?

சீடன்: அவளும்தான்! காதலன் விரான்ஸ்கியைத் தண்டிக்கும் எண்ணத்தோடுதான் தண்டவாளத்துக்குப் போகிறாள். அப்படியென்றால் அந்தச் சாவே அவள் தன் கையில் எடுத்துக்கொண்ட பழிதானே?

குரு: விழுந்த கணத்தில் அவள் வேண்டுவது மன்னிப்பை. அதையும் சேர்த்துக்கொள். ஆனாலும் அவள் செய்தது சரி என்று டால்ஸ்டாய் எங்கும் சொல்லவில்லை. செயலின் கசப்பு அவளை வந்தடைவதையும் மறைக்கவில்லை. தவறு உண்டு, இறுதியாக எடைபோடும் உரிமை நமக்கு உண்டா என்றுதான் கேட்கிறார். 1877இல் இந்நாவலைப் பற்றி எழுதிய தாஸ்தாயெவ்ஸ்கியும், மனிதருக்கு மனிதர் இறுதி நீதிபதியாக முடியாது என்பதையே அதில் கண்டார்.

சீடன்: ஊராருக்கு உரிமையில்லை, சரி. ஆசிரியருக்கு? அவளைப் படைத்ததும் சாகவைத்ததும் அவர்தானே?

குரு: கேட்க வேண்டியதைக் கேட்டாய். 1873இல் தொடங்கிய முதல் வரைவுகளில் நாயகி நயமற்றவள், இரக்கமெல்லாம் கணவனுக்கே. அப்படிப்பட்டவளுக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. திருத்தத் திருத்த, நம்மால் வெறுக்க முடியாத அன்னாவாக அவள் வளர்ந்தாள். கணவனும் வெறும் நல்லவனாக நிற்கவில்லை. பிரசவப் படுக்கையருகே மனமார மன்னித்தவனே பின்னர் விவாகரத்தை மறுக்கிறான். தீர்ப்பு தன்னுடையதல்ல என்று முகப்பிலேயே ஒப்புக்கொண்ட எழுத்தாளர் ஒவ்வொருவரையும் உள்ளிருந்து பார்க்கக் கடமைப்பட்டவர்.

சீடன்: நான் அதை அன்னாவுக்கான எச்சரிக்கை என்று படித்தேன். எழுதியவர் தம் கைக்கே போட்டுக்கொண்ட கட்டாக இருக்கிறது.

குரு: வாசகர் கைக்கும் சேர்த்து. இனி எந்த நாவலை முடித்தாலும் முகப்பு வாசகத்துக்குத் திரும்பிப் போ. முதலில் கண்ட பொருளே மாறாமல் நின்றால் அது அலங்காரம். நூல் அதன் பொருளை உனக்குள் திருப்பியிருந்தால் அது நூலின் பகுதி. நாளை நீ எழுதும்போது, உன் கருத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு பெரியவரைத் தேடாதே. உன் பாத்திரத்தின் மேல் உனக்குக் கோபம் மூளும் நாளில் உன்னைத் தடுத்து நிறுத்தும் வாக்கைத் தேடு. கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடு. அதனால் நாவலுக்கு ஒரு குறையும் வராது.