பழக்கமும் இசைவும்

மனித என்பு கல்லைப்போல் மாறாததாகத் தோன்றினும், உயிருள்ளவரை மாறிக்கொண்டேயிருப்பது. அதன் மேற்பரப்பிலுள்ள முண்டுகளும் வரம்புகளும் கரட்டுக் கோடுகளும் பெரும்பாலும் தசைகள் பற்றிநிற்கும் இடங்களாகும். புயவென்பின் வெளிப்புறத்தே தோள்தசை பற்றும் முரடும், தொடையென்பின் பின்புறத்தே நெடுக ஓடும் கரட்டுக் கோடும், பிடரென்பிற் கழுத்துத் தசைகள் பற்றும் வளைகோடுகளும் இத்தகையன. தாங்கும் சுமைக்கேற்ப என்பு தன் அமைப்பைத் திருத்திக்கொள்கின்றது என்னும் கொள்கையை ஜேர்மனிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வுண்மையை மலையகத்தோடு பொருத்தி நோக்குமிடத்து ஓர் அறவினா எழுகின்றது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வர்த்தகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, பின்னர் ஹற்றன், நுவரெலியாச் சரிவுகளெங்கும் பரவியது. கூடைக் கயிற்றைத் தலையிலும் கொழுந்தின் பாரத்தை முதுகிலும் தாங்கிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அச்சரிவுகளில் ஏறியிறங்கினர். அவர்தம் வருத்தத்தைச் சுட்டுவார்க்கு, “அவர்களுக்கு அது பழகிவிட்டது” என்பதே விடையாகக் கூறப்படுவதுண்டு. உடல் சுமைக்குப் பழகுவது, உள்ளம் அதற்கு இசைந்தமைக்குச் சான்றாகுமா?

டென்னிஸ் ஆட்டக்காரரின் மட்டை பிடிக்கும் கையிலுள்ள என்பு மறுகையினதிலும் தடித்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கூடை சுமந்தார் உடலிலும் என்பு அதே விதிக்கே பணிகின்றது. விரும்பி ஏற்ற சுமை, வேறுவழியின்றி ஏற்ற சுமை என்னும் வேறுபாட்டை அது அறியாது. மேலும், வயது, பால், உடற்பருமன் ஆகியனவும் இவ்வடையாளங்களை மாற்றுவதால், ஓர் என்பைக் கொண்டு அதற்குரியார் இன்ன தொழில் செய்தார் எனத் துணிவதும் எளிதன்று. தொழிலையே தெளிவாகக் கூறாத என்பு, அத்தொழிலுக்கு உரியவர் இசைந்தாரா என்பதை எங்ஙனம் கூறும்?

இவ்வேறுபாட்டைக் காட்டவல்லது வரலாறே. ஆட்டக்காரர் விரும்பியபோது மட்டையைக் கீழே வைக்கலாம். தோட்டத் தொழிலாளர்க்கோ, துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீர்க்கப்படாமல் வேறு தோட்டம் செல்வதும் அரிதாயிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. மறுக்கவும் விலகவும் முறையிடவும் வழியற்றவரது மௌனத்தை இசைவெனக் கொள்ளல் முறையன்று.

அன்புடையார் தம் என்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்பது வள்ளுவர் கருத்து. ஆண்டு ஈகைக்குச் சிறப்பளிப்பது ஈவோரின் விருப்பமே. விருப்பம் நீங்கின் அது ஈகையாகாது, இழப்பேயாகும். ஆகவே, உழைப்பின் தழும்பைப் போற்றுமுன் உழைத்தவர்க்கு மறுக்கும் உரிமை இருந்ததா என வினவுதல் வேண்டும். இன்று கொழுந்து பறிப்போர் திறத்து அவ்வினாவை அவரிடமே கேட்கலாம். அவர் கூறும் விடையைச் செவிமடுத்தலே நம் கடன்.