ஆடத் தெரிவதும் ஆட்டம் தெரிவதும்

ஸ்னூக்கரில் நூறு புள்ளி பிரேக்கை, அதாவது ஒரே தொடரில் நூறு புள்ளியை, எப்போதாவது எட்டிப் பிடிக்கும் அமெச்சூர் ஆட்டக்காரர், அதை அன்றாடம் அடிப்பவருக்குப் பயிற்சியாளராக இருக்க முடியுமா? தன்னால் செய்ய முடியாததை ஒருவர் அறிந்திருக்கக் கூடுமா என்ற பழைய மெய்யியல் வினாவின் ஒரு வடிவம் இது. அரிஸ்டாட்டில் தம் மெட்டாபிசிக்ஸ் நூலின் தொடக்கத்திலேயே இதைத் தொடுகிறார். கற்பிக்க இயலுவதுதான் அறிவுக்கு அடையாளம். அனுபவம் மட்டும் உள்ளவருக்கு ஒன்று நடக்கிறது என்று தெரியும், ஏன் நடக்கிறது என்று தெரியாது. ஆனால் காரியம் என்று வந்துவிட்டால், அனுபவமில்லாத அறிவாளியை அனுபவசாலி முந்திவிடுவார் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் எழுதிய 'தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்' நூலில், செய்யத் தெரிவது, ஒன்றைப் பற்றித் தெரிவது என்ற இரண்டு அறிவையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். திறமையான செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு விதியை நினைத்தாக வேண்டுமென்றால், அந்த நினைப்பும் ஒரு செயல்தானே. அதற்கு முன்னால் இன்னொரு விதி வேண்டும். இதற்கு முடிவே இராது. 12 அடி நீள மேசையின் மறுகோடியில் இருக்கும் 52.5 மில்லிமீட்டர் பந்தின் விளிம்பை வெள்ளைப் பந்தால் உரசுபவர் கோணத்தைக் கணக்கிடுவதில்லை. எப்படி அடித்தீர்கள் என்று கேட்டால் அவர் சொல்லும் விளக்கம் தவறாகவும் இருக்கலாம். ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும் இடத்தில் நன்னூல் காட்டும் பருத்திக் குண்டிகை இத்தகையவருக்குப் பொருந்தும்: பாடுபட்டுத் திணித்த பஞ்சை எளிதில் வெளியே விடாத குடுக்கை அது. எல்லா மேதைகளும் அப்படியில்லை. 1927 முதல் 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸ், தம் ஆட்டமுறையைத் தெளிவாகப் புத்தகமாக எழுதிவைத்தார். அந்தப் புத்தகத்தைத் துணைக்கொண்டுதான் பில் டேவிஸ் என்ற சாதாரண கிளப் ஆட்டக்காரர் தம் மகன் ஸ்டீவுக்குக் கற்பித்தார். ஜோவுக்கும் இவர்களுக்கும் உறவில்லை. மகன் ஆறு முறை உலகப் பட்டம் வென்றார்.

சாதாரண ஆட்டக்காரரும் சாம்பியனுக்குக் கற்பிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஃபிராங்க் காலன். மீன் வியாபாரியான இவர் கடைசிவரை அமெச்சூர் ஆட்டக்காரர். ஆனால் 1979இன் உலகச் சாம்பியன் டெர்ரி கிரிஃபித்ஸ் உட்பட முன்னணி வீரர்கள் பலர் இவரிடம் பயிற்சிக்கு வந்தார்கள். ஆட்டம் மங்கிப்போயிருந்த டக் மவுன்ட்ஜாய், இவரிடம் பயின்று 1988இல் தமது 46ஆம் வயதில் யுகே சாம்பியன்ஷிப் இறுதியில் இளம் ஸ்டீபன் ஹெண்ட்ரியை 16-12 என்று வீழ்த்தினார்.

இது நடப்பதற்குக் காரணம் எளியது. அடிக்கும் நொடியில் ஆட்டக்காரரின் கண் இலக்குப் பந்தின் மேல் இருக்கிறது. முழங்கை விலகுவதும், தலை முன்கூட்டியே எழுவதும், கியூ கோணுவதும் அவருக்குத் தெரியாது. எதிரே நிற்பவருக்குத் தெரியும். அதிலும், இயல்பாக வராததை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துக் கற்றவருக்குப் பிழை எங்கே தொடங்குகிறது என்பது பழகிய விஷயம். ஆபத்தும் அங்கேதான். சொல்லால் கற்றவர் சொல்லையே அள்ளிக் கொட்டுவார்; மாணவர் மேசை மேல் குனிந்தபடி விதிகளை எண்ணிக்கொண்டிருப்பார். விளக்கம் எதுவானாலும் பயிற்சியாக மாறியாக வேண்டும். வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் நேராக அனுப்பி, அது மறுகோடியில் மோதித் திரும்பக் கியூவின் நுனிக்கே வருகிறதா என்று பார்க்கும் பழைய பயிற்சி, ஒரு மணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

அமெச்சூர் பயிற்சியாளருக்கு எட்டாத பகுதியும் உண்டு. உலகப் போட்டியின் கடைசி ஃபிரேமில் கை எப்படி இருக்கும் என்பதை அவர் பிறர் சொல்லித்தான் அறிய முடியும். அங்கே அவர் நிபுணர்போலப் பேசுவது நேர்மையாகாது. தம் கூற்றைத் தாமே அடித்து நிரூபிக்கவும் அவருக்கு வழியில்லை. மாணவரின் ஆட்டத்தில்தான் அது சோதிக்கப்படுகிறது. சில மாதம் உழைத்தும் பலன் இல்லையென்றால், மாணவருக்கு உழைப்பு போதவில்லை என்று சொல்வதற்கு முன் தம் விளக்கத்தையே அவர் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.