உயிர்ப்பிரிவின் நிர்ணயம்

திருக்கழுக்குன்றத்தில் வைத்தியத் தொழில் புரிந்துவந்த அசோகன், புஷ்பாஞ்சலி தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் என்னும் 15 வயதுச் சிறுவன், 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த காயமுற்று, சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தான் என்று நிர்ணயிக்கப்பட்டபோது, அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இருதயம் துடித்துக்கொண்டிருந்தது, உடம்பின் சூடு ஆறவில்லை. அந்த நிலையில் பெற்றோர் இருவரும் மகனுடைய உறுப்புகளைத் தானமாக வழங்கினர். போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, அவனுடைய இருதயம் 11 நிமிஷத்தில் முகப்பேரை அடைந்து, ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒருத்தியின் மார்பில் துடிக்கலாயிற்று. அத்தானத்தின் பெருமையை நாடே பேசிற்று, பேசத்தக்கதுதான். ஆயினும் தானத்திற்கு முன்னே ஒரு கேள்வி நிற்கிறது. இருதயம் துடிக்கும் சரீரத்தை விட்டு ஜீவன் பிரிந்துவிட்டதென்று யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு சொல்வது?

காயத்தாலோ, இரத்தக் கசிவாலோ, கட்டியாலோ, மூளைக்காய்ச்சலாலோ மூளை மிதமிஞ்சி வீங்குமானால், கபாலம் விரிந்துகொடாதாகையால், அழுத்தம் முழுதும் கீழ்நோக்கி இறங்கி, சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டை நெரித்து, அங்கே இரத்தம் செல்வதையே நிறுத்திவிடுகிறது. இருதயமோ தானாகவே துடிக்கும் இயல்புடையது. ஆதலால் வென்டிலேட்டர் பிராணவாயுவைச் செலுத்தும்வரை சில காலம் அது துடித்துக்கொண்டிருக்கும். இதுவே மூளைச்சாவு. இதனோடு ஒத்ததுபோலத் தோன்றும் வியாதிகள் வேறு உண்டு. கோமாவில் கிடப்பவர் மீண்டு எழலாம். மூளைத்தண்டில் உண்டாகும் ஒருவகைப் பக்கவாதத்தில் உடம்பெல்லாம் செயலற்றுப்போக, கண்கள் மாத்திரம் அசையும். உள்ளே அறிவு பூரணமாக விழித்திருக்கும். 1973-இல் கொடுமைக்குள்ளாகி, 2015 வரை மும்பை ஆஸ்பத்திரியில் கிடந்த அருணா ஷான்பாக், தாமே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவரது நிலை மூளைச்சாவு அன்று என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறிற்று. இவர்கள் அனைவரும் உயிருள்ள நோயாளிகள்.

இந்தப் பேதங்களை ஸ்கேன் படம் ஒன்றைக்கொண்டு மாத்திரம் துணிந்துவிட முடியாது. ஆகவே 1994-ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு வைத்தியர்கள் கூடி, மயக்க மருந்தோ விஷமோ உடற்குளிர்ச்சியோ இந்நிலைக்குக் காரணமாக இல்லை என்று முதலில் தெளிந்து, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, விழிப்படலத்தைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் விழி அசைகிறதா, தொண்டையைத் தீண்டினால் குமட்டலோ இருமலோ எழுகிறதா என்று சோதித்து, இறுதியில் சுவாச யந்திரத்தை விலக்கி, இரத்தத்தில் கரியமிலவாயு ஏற ஏற, மார்பு ஒருமுறையேனும் தானே எழுகிறதா என்று காத்திருக்கிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து, இத்தனையையும் மறுபடி செய்கிறார்கள். அந்த இரண்டாம் சோதனையில் நான் பெரியதொரு தர்மத்தைக் காண்கிறேன். திரும்பப்பெற இயலாத ஒரு சொல்லைச் சொல்லுமுன் மனிதன் தன் அறிவையே சந்தேகித்து நிற்கும் நேரம் அது.

ஆனால் சைவ சித்தாந்தி இதனால் எளிதில் திருப்தியடைய மாட்டான். சாக்கிரமென்னும் விழிப்புநிலையில் 35 தத்துவக் கருவிகளோடு புருவ நடுவில் நிற்கும் ஆன்மா, சொப்பனத்தில் கண்டத்திற்கும், சுழுத்தியென்னும் ஆழ்ந்த உறக்கத்தில் இருதயத்திற்கும், அதனினும் ஆழ்ந்த துரியத்தில் நாபிக்கும் இறங்கி, கருவிகள் கழலக் கழலப் பிராணனையே துணையாகக் கொண்டிருந்து, துரியாதீதத்தில் அப்பிராணனையும் விட்டு மூலாதாரத்தில் தனித்திருக்கும் என்பது அவனுடைய சாஸ்திரம். மூச்சு அடங்கிய பின்னும் ஆன்மா சரீரத்தில் இருக்கக்கூடுமானால், மூச்சில்லை என்று காட்டும் சோதனை எதை நிரூபித்தது என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி, இதை மூடநம்பிக்கையென்று தள்ளுவோர் அதன் ஆழத்தை அறியாதவர்.

என் மனத்துக்குப் பொருந்தும் விடை இது. இறங்கிய ஆன்மா மீண்டும் ஏறிச் சாக்கிரத்துக்கு வரும் என்பதனாலேயே அந்த நிலைகளை அவஸ்தைகள் என்கிறோம். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையில், மதுகைடபர் என்னும் அசுரர் கதாயுதத்தோடு நெருங்கவும் சலனமின்றிப் பள்ளிகொண்டிருக்கும் அனந்தசயனனாகிய திருமாலுடைய யோகநித்திரையும் விழிப்பை உள்ளடக்கியதே. வைத்தியர் ஆராய்வது ஆன்மாவின் இருப்பிடத்தை அன்று. அது தங்கியிருந்த கருவிக்கு இனி மீட்சி உண்டா என்பதை மட்டுமே. அழிந்துபோன மூளைத்தண்டின் வழியே ஏறிவர ஆன்மாவுக்குப் படி இல்லை. ஜீவன் எந்தக் கணத்தில் அகன்றது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை.

பிள்ளையின் சரீரத்தைக் கொடுக்கப் பெற்றோர்க்கு உரிமை ஏது என்பார் சிலர். பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் சட்டம் அவ்வதிகாரத்தைத் தாய் தந்தையரில் ஒருவருக்கு அளித்திருக்கிறது; ஆனால் சட்டம் மனத்தின் தயக்கத்தைத் தீர்ப்பதில்லை. தனு, கரணம், புவனம், போகம் நான்கும் ஆன்மாவுக்கு இறைவன் தந்தவை என்றால், பயன் முடிந்த தனுவாகிய உடம்புக்குப் பெற்றோர் உடைமையாளர் அல்லர். அதை நல்லவழியில் சேர்ப்பிக்கும் காவலரே ஆவர். கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறப்பான் என்று அஞ்சும் முதியோர் செங்கற்பட்டுக் கிராமங்களில் இன்னும் இருப்பார்களாயின், அவர்களோடு சினந்து வாதிப்பது முறையன்று. ஆன்மாவைத் தொடர்ந்து செல்வது சூக்கும சரீரமே, தூல சரீரம் நெருப்புக்கோ மண்ணுக்கோ உரியது என்பது அவர்கள் கோயில் பிரசங்கங்களில் கேட்டறிந்த சித்தாந்தந்தானே!